காலிக் கட்டம்

பொன்னாடை கழுத்தில் குத்தியது. ஜரிகை என்ற பெயரில் பளபளக்கிற பிளாஸ்டிக் இழை ஜாக்கெட் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டு, தலையைத் திருப்பும்போதெல்லாம் நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. டாக்டர் நாச்சம்மை அதை எடுத்துவிடவில்லை. மடித்துப் பக்கத்து நாற்காலியில் போட்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. பி.எச்டி. வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியூரிலிருந்து தேர்வாளராக வருகிற எக்ஸ்டர்னல்கள் எல்லாரும் போட்டோ எடுத்த மறு நிமிடம் அப்படித்தான் செய்வார்கள், அவளும் எத்தனையோ ஊரில் செய்திருக்கிறாள். ஆனால் இது அந்த மனுஷர் கையால் போட்டது. போடுவதற்கு அவர் குனிய வேண்டியிருந்தது. நல்ல உயரம், இன்னமும் கூன் விழவில்லை. அவளோ ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும். அவர் குனிந்தபோது கிராம்பு வாசனை வந்தது. அந்தக் காலத்திலும் கடைவாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டுதான் ரவுண்ட்ஸ் வருவார், வாசனை வார்டு வாசலைத் தாண்டியதுமே பி.ஜி. மாணவர்கள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாசனைக்கு அவள் வயிறு ஒரு பிடி பிடித்தது. அதற்காகத் தன் வயிற்றின்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார், அந்தப் பக்கம் நிற்பது யார், அதுகூடத் தெரியாதா உனக்கு என்று வயிற்றைக் கேட்டாள். அந்தப் பக்கம் நிற்பது பேராசிரியர் தனுஷ்கோடி. சர்ஜரி டிபார்ட்மென்டில் ஒரு தலைமுறையையே நடுங்க வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு முனைவர் பட்டம் வேண்டுமென்று ஆசைப்பட்டு, தீசிஸ் எழுதி, கேண்டிடேட்டாக வந்து நிற்கிறார். பட்டம் தரலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் நாச்சம்மை. சால்வை குத்தட்டும். குத்தக் குத்தத்தான் மறக்காமல் இருக்கும்.

நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்று விதிமுறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதிக்குத்தான் இந்தக் கட்டடத்தில் மரியாதை அதிகம். திரையில் கால்கள் வந்து போயின. சர்க்கரைப் புண் வந்த கால், கட்டுப் பிரித்த கால், ஆறிக்கொண்டு வருகிற கால். செமினார் ஹால் நிறைந்திருந்தது, கடைசி வரிசையில் நர்ஸிங் ஆட்களையெல்லாம் பிடித்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் டாக்டர் ரூபன், இந்த ஆராய்ச்சிக்கு கைடு. தனுஷ்கோடியிடமே படித்த பையன். பி.எச்டி. வைத்திருப்பவர்தான் கைடாக இருக்கலாம் என்பது விதி, அது ரூபனிடம் இருந்தது, வாத்தியாரிடம் இல்லை. அதனால் மாணவன் வாத்தியாருக்கு வாத்தியார் ஆகிவிட்டான், ஆனாலும் வாத்தியார் இந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தான். பார்க்கப் பார்க்க நாச்சம்மைக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு வைத்திருக்கிறார்கள். 'முனைவர் பட்டம் பெற்ற எங்கள் பேராசிரியருக்கு' என்று ஆளுயர எழுத்தில். இன்னும் வைவாவே முடியவில்லை, அதற்குள் பெற்றாகிவிட்டது. முன்வரிசையில் அவர் மனைவி, பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம். உள்ளே வந்ததுமே அந்த அம்மாள் நாச்சம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் மண்டபத்துல சின்னதா ஒரு பாராட்டு வெச்சிருக்கோம், நீங்க இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் டாக்டரம்மா, என்று ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்தாள். அந்தப் பூ இப்போது முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. பூவை வாங்கியிருக்கக் கூடாது. பூவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், அந்த அம்மாள் என்ன செய்தாள், ஒன்றும் செய்யவில்லை. தன் அப்பா அம்மாவும்தான் ஒன்றும் செய்யவில்லை, அன்றைக்கு அவர்கள் அழவில்லையா? நாச்சம்மை பூவைத் தட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

தெரிந்துகொள்வார் என்றுதான் நினைத்திருந்தாள். ரயிலில் வந்த நேரம் முழுக்க அதே நினைப்பு. எக்ஸ்டர்னலை ஸ்டேஷனிலிருந்து கேண்டிடேட்தான் அழைத்துவர வேண்டும், அதுவும் எழுதாத விதி. அவர் பிளாட்பாரத்தில் நிற்பார், இவள் இறங்குவாள், முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறும். எப்படி மாறும் என்பதைப் பல விதமாகப் போட்டுப் பார்த்தாள். வெளிறும். அசட்டுச் சிரிப்பாகும். கண் தாழும். அவர் கார் சாவியோடு நின்றிருந்தார், முகத்துக்கு நேரே பார்த்து, "வாங்க மேடம், ஏசி கோச்சுல ரொம்பக் குளிர்ந்திருக்குமே" என்றார். அவ்வளவுதான். பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். மேடம். வழி முழுக்க மேடம், இட்லியா பொங்கலா மேடம், காபி ஸ்ட்ராங்கா மேடம். நடிக்கிறாரோ என்று காரில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். நடிப்பில்லை. இவளும் கண்ணாடி போட்டாகிவிட்டது, உடம்பு பெருத்துவிட்டது, முடிக்குச் சாயம். சரி, முகம் மறந்திருக்கலாம், பெயருமா? பெயர் அவருக்கு எப்போது தெரிந்திருந்தது மறப்பதற்கு? யூனிட்டில் அவர் எந்தப் பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் 'பொண்ணே'தான். ஏ பொண்ணே, சேலைன் என்ன வேகத்துல ஓடுது. ஏ பொண்ணே, உனக்கெல்லாம் யாரு சர்ஜரி குடுத்தது. ஒருத்தர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட ஆளுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லாமல் இருக்க முடியும் என்பது இவளுக்குத் தோன்றவே இல்லை. இவள் தினமும் தூக்கிச் சுமந்தது அவருக்கு ஒரு நாள்கூடக் கனக்கவில்லை. அது மற்றதைவிடப் பெரிய அநியாயமாகப் பட்டது, நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது, இருந்தும் இட்லி என்று சொன்னாள்.

அப்போதும் இதே சர்க்கரைப் புண்தான். அவர் தன் பி.ஜி.க்கள் எல்லாருக்கும் வருஷா வருஷம் அதே தலைப்பைத்தான் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கொடுப்பார். எம்.எஸ். பரீட்சை எழுத வேண்டுமென்றால் டெசர்டேஷன் என்கிற ஆய்வேடு கொடுத்திருக்க வேண்டும், அது கைடு கையெழுத்தோடு கடைசித் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அது விதி. கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை, அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். நாச்சம்மை எழுதிக்கொண்டு போனாள். பின்னால் மாஸ்டர் சார்ட், நோயாளிக்கு ஒரு வரிசை, அவர்கள் திரும்ப வந்து காட்டிய ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டம், புண் எவ்வளவு சுருங்கியது என்று அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். வராதவர்களுக்கு அவள் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். தனுஷ்கோடி முன்பக்கம் எதையும் படிக்கவில்லை, நேரே சார்ட்டைப் பிரித்தார், காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இது என்ன, உங்க வீட்டுக் கோலமா, புள்ளி வெச்சு விட்டிருக்கே?" வரலை சார். "ஏன் வரலை?" தெரியலை சார். "தெரியலைன்னா போய்ப் பாரு." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ரூமில் அவளோடு படித்தவன் ஒருத்தன், இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறியே, பேனா இல்லையா உன்கிட்ட, போட்டு நிரப்பிட்டுப் போவியா, என்றான். அவன் சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அவன் நோயாளிகள் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் தவறாமல் வந்திருந்தார்கள். பேனா இருந்தது. கை வரவில்லை. நாச்சம்மைக்கு அந்தக் கை ஏன் வரவில்லை என்பது இன்றைக்கும் முழுசாகப் புரிந்ததில்லை. உத்தமி என்றெல்லாம் இல்லை, வராதவனை வந்தான் என்று எழுதினால் அவன் எங்கேயோ இருந்துகொண்டு பார்ப்பான் என்று ஒரு பயம், பிள்ளைப் பயம்.

போனாள். கேஸ் ஷீட்டில் இருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, டூட்டி முடிந்த பகல்களில், டவுன் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் ஏறி இறங்கி. விலாசம் என்றால் என்ன, கோயில் தெரு, கிழக்கே, அவ்வளவுதான். ஆலடிக்கோட்டை என்று உப்பளத்துக்கு நடுவில் ஒரு ஊர். ரோட்டு முக்கில் இறங்கி வெள்ளைப் பாத்திகளுக்கு ஓரமாக நடக்க வேண்டும், கண் கூசும், செருப்புக்குள் உப்பு ஏறி எரியும். அந்த ஊரில் ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை, பங்குனி சித்திரையில் உப்பு வாருகிற நேரம், நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் பாத்தியில். அவள் தேடிப் போன ஆளும் பாத்தியில்தான் நின்றார், ஆறாத காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு. "வாராவாரம் வான்னா எப்படித் தாயி வருவேன்? இந்த மூணு மாசத்தை விட்டா வருஷம் பூரா என்னத்தைத் திங்க?" என்றார், கோபமாக இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. இன்னொரு ஊரில் ஒரு வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். கல்யாணமாக்கும் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே போனாள். அந்தக் காலுக்கு உரியவருக்கு அன்றைக்குப் பதினாறாம் நாள். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று அந்த வீட்டுப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். ஆலடிக்கோட்டையில் ஒரு நாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு விடிய விடியக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் பிறகு ஏன் வரவில்லை என்பதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தாள். அவர் கிராம்பைக் கன்னம் மாற்றினார். "கதை கேட்டேனா உன்கிட்ட? நம்பர் போட்டு நிரப்பு. இல்லைன்னா காலியாவே வெச்சுக்கோ, என் கையெழுத்தும் காலியாவே இருக்கட்டும்."

கடைசித் தேதி அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ரூம் வாசலில் நின்றாள். ஓ.பி. முடிந்தது, சாப்பாடு முடிந்தது, அவர் கார் போனது. மறுநாள் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள். டீனோ யாரோ சொன்னதால் போட்டாராம். தேதி முடிந்த பிறகு போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சட்டம் போட்டு மாட்டலாம். போடவே இல்லை என்றால்கூட மனசு ஆறியிருக்கும், அந்த மறுநாள்தான் ஆறவில்லை. அவர் நினைத்திருந்தால் நேற்றே போட்டிருக்கலாம் என்று காட்டுவதற்காகவே போட்ட கையெழுத்து. ஆறு மாசம் போனது. ஆறு மாசம் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்த வருஷம் குழந்தைகள் சர்ஜரிக்கு மேற்படிப்பு இடம் இருந்தது, எம்.எஸ். முடித்திருந்தால் கிடைத்திருக்கும். குழந்தைகள் வார்டு சீஃப் ஒருநாள் ஆபரேஷன் நடுவில் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இந்த விரலை வெச்சுக்கிட்டுப் பெரியவங்க வயித்தைக் கிழிக்கப் போறியா, இது பச்சைப் பிள்ளைக்குன்னு செஞ்ச கை, என்றார். அதற்கப்புறம் வேறு எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை. அடுத்த வருஷம் இடம் இல்லை. அதற்கடுத்த வருஷம் கல்யாணம், பிறகு வயிற்றில் பிள்ளை, பிறகு மாமியாருக்குப் பக்கவாதம், பிறகு என்ன, எல்லாருக்கும் வருகிற பிறகுதான். வயிற்றைக் கிழித்துக்கொண்டே காலம் போனது. குழந்தைகள் வார்டைத் தாண்டி நடக்கும்போது இன்றைக்கும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். நாச்சம்மை மேசைமேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். மூட்டுகள் தடித்திருந்தன. மோதிரம் கழலாது.

அடுத்த படம், அடுத்த படம். ரூபன் தண்ணீர் பாட்டிலை இவள் பக்கம் நகர்த்தினான். பாவம், இவன்தான் இவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது, தெரியாமலே. தீசிஸை மதிப்பிட வெளியூர்க்காரர்கள் பெயரைக் கைடு எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் ஒருத்தரைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுக்கும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது, சேர்ந்து கட்டுரை எழுதியவராக இருக்கக் கூடாது, ஒரே ஊரில் வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. பழைய பகை இருக்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை. அவள் அந்த விதிமுறைகளை வரி வரியாகப் படித்தவள், ஒருமுறை அடிபட்டவள் படிக்கிற படிப்பு. தீசிஸ் தபாலில் வந்த அன்றைக்கு முன்பக்கம் எதையும் படிக்கவில்லை, நேரே மாஸ்டர் சார்ட்டைப் பிரித்தாள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எந்த நோயாளியும் ஒரு வாரமும் விடவில்லை. தீபாவளிக்கு வந்திருந்தார்கள், பொங்கலுக்கு வந்திருந்தார்கள், உப்பு வாருகிற சித்திரையில் ஆலடிக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள், ஒருத்தரும் சாகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரு வாரம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் இது நடக்காதென்று. அவருக்குத் தெரியாது, அவர் உட்கார்ந்ததில்லை, சுற்றி நிற்பவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அவர்கள் பேனா வைத்திருந்தார்கள். நாச்சம்மை அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் மதிப்பீட்டு அறிக்கையில் ஏற்கலாம் என்று எழுதினாள். திருத்தச் சொல்லியிருக்கலாம், நிராகரித்திருக்கலாம், மூன்றும் அவள் கையில்தான் இருந்தன. நிராகரித்தால் மூடிய கவரில் போகும், மூடிய கவரில் வரும், ஊருக்குத் தெரியாது. வைவா ஊரறிய நடக்கும். நாலு பேர் பார்க்க வேண்டும். அவர் யூனிட் பார்க்க வேண்டும், அந்தப் பட்டுச்சேலை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் ஏற்றாள். ஏற்ற பிறகு ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள். அதற்கப்புறம்தான் அந்தக் கையெழுத்து உறுத்த ஆரம்பித்தது. பொய் என்று தெரிந்து போட்ட கையெழுத்து, நிஜம் என்று தெரிந்து போடாத கையெழுத்தைவிட எந்த விதத்தில் உசத்தி? உசத்தி இல்லைதான். இருக்கட்டும். அது அப்புறம் பார்த்துக்கொள்கிற கணக்கு.

இப்போது பயம் வேறு ஒன்று. கேள்வி ஒன்றுதான், ரயிலில் உதடு அசையாமல் சொல்லிச் சொல்லிப் பழகியது. அதில் 'சார்' வரக் கூடாது. கேண்டிடேட்டை யாரும் சார் என்பதில்லை. ஆனால் மனசுக்குள் எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் வாக்கியத்தின் வாலில் அது வந்து ஒட்டிக்கொண்டது. எத்தனை பேர் வரலை, சார். துடைத்துவிட்டு மறுபடியும். எத்தனை பேர் வரலை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தது, விட்டால் சொல்லிவிடும். இந்த ஒரு வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கத் தெரியவில்லை, ஒரு மனுஷரைப் பிடுங்கி எறியப் போகிறாளாம். திரையில் நன்றி என்று வந்தது. முதல் பெயர் இவளுடையதுதான், மதிப்பிற்குரிய டாக்டர் நாச்சம்மை அவர்களுக்கு, என்று அவரே வாசித்தார், வாசித்தும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. கை தட்டினார்கள். கடைசி வரிசை பலமாகத் தட்டியது. பார்வையாளர்களிடமிருந்து சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி வந்தது, மனப்பாடம் பண்ணின கேள்விக்கு மனப்பாடம் பண்ணின பதில். ரூபன் இவள் பக்கம் சாய்ந்தான்.

"நீங்க ஏதாவது கேக்கறீங்களா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு. மாஸ்டர் சார்ட்டைத் திரையில போடச் சொல்லுங்க."

போட்டார்கள். எண்கள் எறும்பு வரிசையாக நின்றன.

"இதுல எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை?"

வந்துவிட்டது, வால் இல்லாமல்.

தனுஷ்கோடி சிரித்தார். "எல்லாரும் வந்தாங்க மேடம். என் யூனிட்ல ஃபாலோ-அப் விட்டுப்போறதுங்கிற பேச்சே கிடையாது. அந்த டிசிப்ளினை நான் ஆரம்பத்துலருந்தே வெச்சிருக்கேன்."

"மூணாவது வரிசை. இவர் எந்த ஊரு?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "ஆலடிக்கோட்டை."

"உப்பளத்துல வேலை பாக்கறவரு. பங்குனி, சித்திரையில அந்த ஊர்ல வீட்டுல ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க. இவர் ஒரு வாரம் விடாம வந்ததா இருக்கு. வந்தாரா? நீங்க பாத்தீங்களா?"

"மேடம், அது வந்து, அனெக்ஸர்ல..." என்று ரூபன் ஆரம்பித்தான். தனுஷ்கோடி கையைக் காட்டி அவனை நிறுத்தினார், பழைய கை, அந்தக் கைக்கு இன்னும் எல்லாரும் நின்றார்கள்.

"யூனிட்ல பசங்க பாத்தாங்க" என்றார்.

"நீங்க?"

"இல்லை."

அவர் திரைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு படுகிற தூரத்தில் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். தன் தீசிஸை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது ஹாலில் எல்லாருக்கும் தெரிந்தது. இதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது. இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கத்தான் செய்தது.

"இப்படி இருக்காது" என்றார் அவர், யாரிடமும் இல்லை. "ஒருத்தர்கூடச் சாகாம எப்படி இருக்கும்?" விரல் அங்கேயே நின்றது. "முன்னாடி ஒரு பொண்ணு, என் பி.ஜி., கட்டத்தைக் காலியா விட்டுக் கொண்டாந்துச்சு. நான் தேதிக்குள்ள கையெழுத்துப் போடலை. அதுக்கு ஒரு பரீட்சை போச்சு. யூனிட்ல அதைக் கதையா சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எவனும் என்கிட்டக் காலியா கொண்டாந்ததே இல்லை மேடம். நான் அதை டிசிப்ளின்னு நினைச்சேன்."

இப்படி ஒன்றை நாச்சம்மை ரயிலில் போட்டுப் பார்த்த எந்த விதத்திலும் பார்த்திருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஞாபகம் இல்லை மேடம். சின்னக் கை. நல்ல கை அதுக்கு. எங்கயாவது பச்சைப் பிள்ளைங்களுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு நல்லா இருக்கும்."

நாச்சம்மை கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பெயர்ப் பலகை மேசைமேல் அவரைப் பார்த்துத்தான் நின்றது. நான்தான் என்று சொல்வதற்கு வாய் வந்தது. சொன்னால் அழுதுவிடுவார், மன்னிப்புக் கேட்பார், ஹால் முழுக்கக் கை தட்டும், இது அவருடைய இன்னொரு பாராட்டு விழாவாகிவிடும். மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள்.

ரூபன் குரலை இறக்கினான். "மேடம், ரிப்போர்ட்ல நீங்களே அக்செப்ட்னு..."

"ஆமா, நான்தான் எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன். அதையும் இதுல சேர்த்து எழுதறேன், பல்கலைக்கழகம் என்னை என்ன செய்யணுமோ செய்யட்டும்."

எழுதி முடித்து எழுந்து வாசித்தாள். பட்டத்துக்குப் பரிந்துரை இல்லை. விதிப்படி ஆறு மாசத்துக்குப் பிறகு மறுபடியும் வைவா. அதற்குள் சார்ட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் கேண்டிடேட் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும், வேறு யாரையும் அனுப்பக் கூடாது, வராதவர்களின் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கடைசி வரிசையில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அந்த அம்மாள் பாதி எழுந்து நின்றாள். "அப்ப சாயங்காலம்?" என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டாள். அந்தக் குரல் நாச்சம்மைக்கு எங்கேயோ போய்த் தைத்தது. தைத்ததை எடுக்க முயலாமல் பையைத் தோளில் மாட்டினாள். பொன்னாடையை எடுத்து நாலாக மடித்து மேசைமேல், பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கோபமாக வருவார் என்று பார்த்தாள். கோபம் இல்லை, ஏதோ ரொம்பக் களைத்த மாதிரி இருந்தார்.

"சரிதான் மேடம். போறேன். ஆனா அந்த ஆலடிக்கோட்டைக்கெல்லாம் கார் போகாதுன்னு சொல்லுவாங்க. எப்படிப் போறது?"

"பஸ்ல போங்க. முக்குல இறங்கிப் பாத்தி ஓரமா நடக்கணும், நல்ல செருப்பாப் போட்டுக்கங்க, உப்பு ஏறினா எரியும். பொழுது சாயறப்ப கடைசி பஸ் ஒண்ணு வரும். அதை விட்டுட்டா விடியற வரைக்கும் கோயில் வாசல்தான், சார்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார், எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி உதடு அசைந்தது. நாச்சம்மை அவர் படித்து முடிக்கிற வரைக்கும் நிற்கவில்லை. ஞாபகம் வரட்டும், வராமல் போகட்டும், யோசித்துப் பார்க்க அவருக்கு ஆறு மாசம் இருக்கிறது என்று நினைத்தபடி படி இறங்கினாள்.